பழைய நம்பருக்குப் போன ஓடிபி

சண்முகத்தாய் என்னை நம்பிக் கொடுத்த கார்டுகளை நான் பஸ்ஸில் தொலைத்தேன். அதைக்கூட வயதானவனின் மறதி என்று சொல்லி மன்னித்துவிடலாம். பிறகு அவள் புருஷன் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, அவள் ஓடிவந்து அந்தக் கார்டுகளைக் கேட்டாள். அன்றைக்கே உன் கையில் கொடுத்துவிட்டேனே என்று அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அது பொய். தெரிந்தே சொன்ன பொய்.

ஆண்டவரை நம்பி வாழும் உங்களிடம் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று எனக்குள் ஒரு பாரம். நம் சபைகளில் சாட்சி சொல்கிறவர்கள் எழுந்து நின்றால், பெரும்பாலும் கஷ்டம் எங்கிருந்தோ வந்திருக்கும். வியாதி வந்தது, விபத்து வந்தது என்பார்கள். என் சாட்சியில் கஷ்டம் என் வாயிலிருந்து வந்தது. அது வேறொரு குடும்பத்தின் மேல் போய் விழுந்தது.

சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். இப்போது எழுபது தாண்டிவிட்டது. என் தகப்பனார் விட்டுப்போன வளவில் நானும் என் மனைவி ஞானசுந்தரியும் இருக்கிறோம். ஒரே வாசலுக்குள் வரிசையாகச் சில வீடுகள், நடுவில் பொதுக் குழாய். மற்ற வீடுகளில் வாடகைக்குக் குடியிருப்பவர்கள் எல்லாரும் விசைத்தறியில் வேலை செய்கிறவர்கள். சண்முகத்தாயின் புருஷன் வேலுச்சாமியும் தறி ஓட்டுகிறவன்தான். என்னிடம் எட்டாம் வகுப்பு வரை படித்தவன். சண்முகத்தாய் வீட்டிலிருந்தே தறிக்கு நூல் தார் சுற்றுவாள். பிள்ளைகள் இல்லை. அவனுக்கு அவள், அவளுக்கு அவன்.

எங்கள் வளவில் ஒரு பழக்கம் உண்டு. ரேஷன் கார்டு, ஆதார், காப்பீட்டு அட்டை என்று எதுவானாலும் என்னிடம்தான் வருவார்கள். ஆதார் எடுக்க ஆரம்பித்த காலத்தில் பலரிடம் போன் கிடையாது. இருந்தவர்களும் சலுகை எங்கே கிடைக்கிறதோ அங்கே சிம்மை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். "சார்வாள் நம்பரையே குடுத்திருவோம், அது மாறாது" என்று என் போன் நம்பரையே எல்லாரும் கொடுத்தார்கள். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை. என் போனுக்கு மெசேஜ் வரும், நான் வாசித்துச் சொல்வேன், அவர்கள் தலையாட்டுவார்கள். இந்தப் பெருமைதான் பின்னால் என்னை அறைந்தது.

இந்த ஆண்டு ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டம் ஊருக்குள் வந்து இறங்கிக்கொண்டிருந்த நேரம். வேலுச்சாமி, நெஞ்சு ஏதோ இறுக்கிப் பிடிப்பதுபோல் இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தான். ஒருவேளை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் காப்பீட்டு அட்டை செல்லுமா என்று பார்த்து வைப்பது நல்லது என்று நானே சொன்னேன். நானே தென்காசி கலெக்டர் ஆபீஸ் போய் விசாரித்து வருகிறேன் என்றும் சொன்னேன். சண்முகத்தாய் ஒரு மஞ்சப்பையில் எல்லாவற்றையும் போட்டுக் கொடுத்தாள். ரேஷன் கார்டு, இரண்டு பேர் ஆதார், காப்பீட்டு அட்டை. அவற்றின் ஜெராக்ஸும் அதே பையில்தான். நம்மில் எத்தனை பேர் இப்படிச் செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். அசல் தொலைந்தால் உதவட்டும் என்று எடுக்கிற நகலை அசலோடு சேர்த்தே கட்டி வைக்கிறோம்.

தென்காசியில் வேலை நல்லபடியாக முடிந்தது. அட்டை செல்லும் என்றார்கள். திரும்பும் பஸ்ஸில் பையை முன் சீட்டுக் கம்பியில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் ஏற நின்ற கூட்டம், நாங்கள் இறங்குவதற்கு முன்பே உள்ளே தள்ளியது. நான் குடையை மட்டும் பிடித்துக்கொண்டு இறங்கினேன். கோயில் வாசல் தாண்டும்போதுதான் கை வெறுமையாக இருப்பது தெரிந்தது. திரும்பி ஓடினேன். பஸ் போய்விட்டது. டைம் கீப்பரிடம் கேட்கலாம். போலீசில் எழுதிக் கொடுக்கலாம். எதையும் செய்யவில்லை. பை யாருடையது, அதில் என்ன இருந்தது என்று கேட்பார்களே என்று கூசினேன். வேலை பார்த்த காலம் முழுதும் ஒரு விடைத்தாளைக்கூடத் தொலைக்காதவன் என்று பேர் வாங்கியவன் நான்.

அன்று சாயங்காலம் சண்முகத்தாய் வந்து, "போன காரியம் என்னாச்சு சார்வாள்?" என்றாள். கார்டு செல்லுமாம் என்றேன். பையை அப்புறம் தருகிறேன் என்றேன். அவள் சரி என்று போய்விட்டாள். என்னைச் சந்தேகப்பட அவளுக்குத் தோன்றவே இல்லை. நாளைக்குள் பஸ்காரர்கள் யாராவது கொண்டுவந்து தருவார்கள் என்று நான் என்னையே ஏமாற்றிக்கொண்டேன். யாரும் வரவில்லை.

அந்த வாரமே வேலுச்சாமி தறிக்குப் பக்கத்திலேயே சரிந்து விழுந்தான். திருநெல்வேலியில் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரத்தக் குழாயில் அடைப்பு, ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்றார்கள். இன்னொரு முறை வலி வந்தால் தாங்க மாட்டான், அதற்குள் காப்பீட்டு அட்டையைக் கொண்டு வாருங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்கள். அவன் தம்பியை அங்கே காவல் வைத்துவிட்டு சண்முகத்தாய் ஊருக்கு ஓடிவந்தாள். நேராக என் வீட்டுக்குத்தான் வந்தாள். பின்னாலேயே வளவில் இருந்த பெண்களும் வந்து நின்றார்கள்.

"சார்வாள், அந்தப் பைய எடுங்க. அடுத்த வண்டியப் பிடிக்கணும்."

எல்லார் கண்ணும் என் மேல். அப்போது வாயில் வந்ததுதான் அந்தப் பொய்.

"பையா? நான் வந்த அன்னைக்கு ராத்திரியே உன் கையில குடுத்தேனே தாயி."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கத்தியிருந்தால்கூட என்னால் தாங்கியிருக்க முடியும்.

"குடுத்தியளா சார்வாள்?" என்றாள். பிறகு அவளே, "குடுத்திருப்பிய. எனக்குத்தான் புத்தி நிக்க மாட்டேங்கு" என்றாள்.

பின்னால் நின்ற ஒருத்தி, "ஏட்டி, சார்வாள் குடுக்காமலா சொல்லுதாவ? ரேடியோப் பொட்டி மேல வச்சிருப்ப, போய்ப் பாரு" என்றாள். இன்னொருத்தி, "பழைய பேப்பர்காரன்ட்டத் தூக்கிப் போட்டிருப்பா. இவ எதையும் பாக்க மாட்டா" என்றாள். எல்லாரும் சேர்ந்து அவளை அதட்டினார்கள். நான் வாயைத் திறக்கவில்லை.

அவள் வீட்டைக் கவிழ்த்துப் போட்டாள். அரிசிப் பானையைக் கொட்டினாள். தார்ப்பெட்டியைக் கொட்டினாள். தலையணையைக் கிழித்துப் பார்த்தாள். நடுவில் ஒருமுறை என் வீட்டு வாசலுக்கு வந்து, "நான் வாங்கும்போது என்ன சேல கட்டியிருந்தேன் சார்வாள்? அது தெரிஞ்சா எங்க வச்சேன்னு ஞாபகம் வந்திரும்" என்று கேட்டாள். நான் ஒரு நிறத்தைச் சொன்னேன். ஆம், அதையும் சொன்னேன். ஒரு பொய்யைச் சொன்னவன் அதற்குச் சேலையும் கட்டிவிட வேண்டியிருக்கிறது. அவள் போகும்போது திரும்பி நின்று, "நீங்க ஜெபம் பண்ணுங்க சார்வாள். நீங்க சொன்னா உங்க சாமி கேக்கும்" என்றாள்.

சகோதரரே, நான் ஜெபம் பண்ணினேன். என்ன ஜெபம் என்று கேளுங்கள். ஆண்டவரே, அந்தப் பையை எப்படியாவது அவள் வீட்டுக்குள்ளேயே கிடைக்கப் பண்ணும் என்று கேட்டேன். என் பொய்யை மெய்யாக்கித் தரும்படி கடவுளிடம் கேட்டேன். முழங்கால் வலிக்க நின்று கேட்டேன். பதில் எதுவும் வரவில்லை. வந்தது பயம் ஒன்றுதான். வளவின் இரும்புக் கதவு சத்தம் கேட்டால், வேலுச்சாமி போய்விட்டான் என்று சொல்ல வருகிறார்கள் என்று நடுங்கினேன். போன் அடித்தால் நடுங்கினேன். அவன் செத்துப்போனால் அவனை நெஞ்சடைப்பு கொன்றது என்று ஊர் சொல்லும். யார் கொன்றது என்று எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்.

சபையில் அந்த வார ஜெபக்கூட்டத்தில் எங்கள் போதகர் ஐயர், வேலுச்சாமிக்காக நீங்களே ஜெபத்தை நடத்துங்கள் என்றார். எழுந்து நின்றேன். வாய் திறக்கவில்லை. அவன்மேல் எனக்குள்ள பாசத்தால் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து எல்லாரும் எனக்காக இரக்கப்பட்டார்கள். அதைப்போல ஒரு தண்டனை எனக்கு வேறு இல்லை.

மறுநாள் காலை இட்லியைப் பிட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். ஞானசுந்தரி எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"தென்காசி போய்ட்டு வந்த அன்னைக்கு நீங்க வீட்டுக்குள்ள வரையில குட மட்டுந்தான் கையில இருந்து. பை இல்ல" என்றாள்.

நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"பாத்தேன். நீங்களே சொல்லுவியன்னு இருந்தேன். அந்தப் பிள்ள தலையணையக் கிழிக்கையிலயும் சும்மா இருந்தேன். எனக்கும் இதுல பங்கு இருக்கு. இன்னைக்கு அவ இ-சேவை மையத்துக்குப் போறா. கூடப் போங்க."

"அவகிட்ட எப்படிச் சொல்லுவேன்?"

"எனக்குத் தெரியாது. போங்க."

போனேன். உண்மையைச் சொல்லும் எண்ணத்தோடு போகவில்லை. புதுக் கார்டு கிடைத்துவிட்டால் பழைய பை எங்கே என்று யார் கேட்கப் போகிறார்கள் என்று உள்ளுக்குள் ஒரு நரித்தனம். அவளுக்கு உதவி செய்கிற பெரிய மனிதனாக அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

கம்ப்யூட்டரில் இருந்த பெண் விஷயத்தைக் கேட்டாள். ரேஷன் கார்டையும் வேலுச்சாமியின் ஆதாரையும் இப்போதே பிரிண்ட் எடுத்துவிடலாம் என்றாள். அவை இரண்டும் இருந்தால் தென்காசியில் காப்பீட்டு அட்டையைத் திரும்ப வாங்கிவிடலாம் என்றாள். எனக்கு உயிர் வந்தது. அவள் விசைகளைத் தட்டினாள்.

"ஓடிபி போயிருக்கு. பாத்துச் சொல்லுங்க."

சண்முகத்தாய் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் போனை எடுத்தேன். போனில் ஒன்றும் வரவில்லை.

"எந்த நம்பருக்குப் போயிருக்கும்மா?" என்றேன். நம்பரின் கடைசிப் பகுதி மட்டும் திரையில் தெரிந்தது. அந்தப் பெண் அதை வாசித்தாள். அது என் பழைய நம்பர்.

வீட்டுக்குள் டவர் கிடைக்கவில்லை என்று என் மகன் எப்போதோ எனக்கு வேறு சிம் வாங்கித் தந்திருந்தான். பழையதை நான் ரீசார்ஜ் செய்யாமல் விட்டுவிட்டேன். அது செத்துப்போயிற்று. வளவு முழுவதும் அந்த நம்பரைத்தான் எழுதிக் கொடுத்திருக்கிறது என்பது எனக்கு உறைக்கவே இல்லை. மெசேஜ் வருவது நின்றுபோனதைக்கூட, அரசாங்கத்தில் இப்போது மெசேஜ் அனுப்புவதில்லை போலும் என்று அவர்களிடம் சொல்லியிருந்தேன்.

"நம்பர மாத்தணும்னா வீட்டுக்காரரே நேர்ல வந்து விரல் வைக்கணும். மாத்துனாலும் உடனே ஏறாது" என்றாள் அந்தப் பெண். "இந்த நம்பர இப்ப வச்சிருக்கவங்க பாத்துச் சொன்னா வேல முடிஞ்சிரும். யாரு சொல்லுவா? அடுத்து யாரு?"

சண்முகத்தாய் நாற்காலியை விட்டு எழவில்லை. அவள் கையில் இருந்த சின்ன போன் அடித்தது. வேலுச்சாமியின் தம்பி. காலையில் மறுபடி லேசாக வலி வந்ததாம், டாக்டர் அட்டையைக் கேட்கிறாராம். அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, "நம்ம கார்டு கெடைக்காது சார்வாள். நான் தொலச்சிட்டேன். அவர நானே கொன்னுட்டேன்" என்றாள்.

நான் வெளியே வந்தேன். பக்கத்து ஜெராக்ஸ் கடை நிழலில் நின்று என் பழைய நம்பரை நானே அடித்தேன். மணி போயிற்று. ஒரு பெண் எடுத்தாள்.

"யாரு?"

என் பெயரைச் சொன்னேன். ஓய்வுபெற்ற ஆசிரியர் என்றேன். சபையில் மூப்பர் என்றேன். உங்கள் போனுக்கு இப்போது ஒரு ஓடிபி வந்திருக்கும், அதைக் கொஞ்சம் வாசித்துச் சொல்லுங்கள் என்று மரியாதையாகக் கேட்டேன்.

"ஓஹோ" என்றாள் அவள். "போன வாரம் பேங்க் மேனேஜர்னு ஒருத்தன் பேசுனான். அதுக்கு முந்தி, காரு பரிசு விழுந்திருக்குன்னு ஒருத்தன். இப்ப வாத்தியாரா? எல்லாவனும் பெரிய மனுசனாட்டுதான் பேசுதிய. வைங்க போன."

வைத்துவிட்டாள். அவள் செய்ததுதான் சரி. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று வளவில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவன் நான்.

அங்கே, அந்த ஜெராக்ஸ் கடை நிழலில்தான் நான் முதன்முதலாக ஜெபம் பண்ணினேன் என்று சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் பண்ணியதெல்லாம் பேரம். ஆண்டவரே, நான் பொய்யன், அவன் சாகக் கூடாது, என்னை என்ன வேண்டுமானாலும் செய்யும். அவ்வளவுதான். கண்ணை மூடக்கூட இல்லை. ஆறுதல் ஒன்றும் வரவில்லை. ஆனால் இனி அந்த அம்மாவிடம் சொல்ல என்னிடம் உண்மையைத் தவிர வேறொன்றும் இல்லை என்பது மட்டும் தெளிவாகத் தெரிந்தது. மறுபடி அடித்தேன். அவள் எடுத்தது என்னைத் திட்டுவதற்குத்தான்.

"இன்னொரு தடவ அடிச்சியன்னா போலீசுக்குச் சொல்லிருவேன்."

"சொல்லும்மா. நான் தப்புப் பண்ணுனவன்தான்" என்றேன். "ஒரு ஏழைப் பொம்பள குடுத்த கார்ட நான் தொலச்சிட்டேன். தொலச்சிட்டு, அவகிட்டயே குடுத்திட்டேன்னு பொய் சொன்னேன். அவ புருசன் ஆஸ்பத்திரில கிடக்கான். கார்டு இல்லன்னா ஆபரேஷன் நடக்காது. இந்த நம்பரு முன்ன என்னுது. அதான் அந்த ஓடிபி உங்களுக்கு வருது."

வைத்துவிட்டாள் என்று நினைத்தேன்.

"அந்தப் பொம்பளகிட்ட இதச் சொன்னியளா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா."

"எங்க இருக்கா?"

"உள்ள இருக்கா."

"அப்ப முதல்ல அவகிட்டப் போய்ச் சொல்லுங்க. போன வைக்காண்டாம். எனக்குக் கேக்கணும்."

வாசலிலிருந்து உள்ளே சில எட்டுதான். என் வாழ்நாளில் அவ்வளவு தூரம் நான் நடந்ததில்லை. வரிசையில் நின்றவர்களில் என்னிடம் படித்தவர்களும் இருந்தார்கள். போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு சண்முகத்தாயின் முன்னால் நின்றேன்.

"தாயி, நான் உன்கிட்ட பையக் குடுக்கல. பஸ்ஸில விட்டுட்டேன். பயந்துபோய் பொய் சொன்னேன். நீ தொலைக்கல. நான்தான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவள் திட்டவில்லை, அழவில்லை. என் கையிலிருந்த போனை வாங்கிக் காதில் வைத்தாள்.

"அக்கா" என்றாள். "அவுக சொன்னது கேட்டுச்சா அக்கா? எனக்கு இப்பத்தான் தெரியும்."

அந்தப் பக்கம் இருந்தவள் உரக்கப் பேசியதால் எனக்கும் கேட்டது. "ரேசன் கடையில சாமான் வாங்குனா எனக்கு மெசேஜ் வருது. மாசா மாசம் வருது. நாலஞ்சு வீட்டுது வருது, யாரு யாரு வீட்டுச் சாமானோன்னு பாப்பேன். நீ அதுல ஒரு வீட்டுக்காரின்னா சொல்லு. போன மாசம் என்ன வாங்குன, என்ன வாங்கல?"

"அரிசி வாங்குனேன். பருப்பு, பாமாயில் வாங்குனேன். சீனி வாங்கல. எப்பவும் வாங்க மாட்டேன் அக்கா. அவருக்குச் சுகரு."

"அல்லா" என்றாள் அவள். "அதுல ஒரு வீட்டுல மட்டும் ஏன் சீனியே வாங்க மாட்டேங்காவன்னு நானும் எங்க உம்மாவும் பேசிக்கிடுவோம். சுகரா? சரி, மறுபடி அனுப்பச் சொல்லு. நான் வாசிக்கேன்."

கம்ப்யூட்டர்காரப் பெண் மறுபடி அனுப்பினாள். ஒவ்வொரு எண்ணாகச் சண்முகத்தாய் திருப்பிச் சொன்னாள். பிரிண்டர் ஓடியது. பிறகு ஆதாருக்கு இன்னொரு ஓடிபி. மறுபடி பிரிண்டர் ஓடியது. சகோதரரே, என் ஜெபத்துக்கு வந்த பதிலின் சத்தம் அதுதான்.

சத்தம் கேட்டதும் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். தென்காசி பஸ்ஸில் சண்முகத்தாய் பெண்கள் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். தாள்களைத் தன் மடியில் வைத்துப் பிடித்திருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பவில்லை. வேலுச்சாமியின் தம்பிக்கு அடித்தால் போன் போகவில்லை. வழியில் ஒவ்வொரு நிறுத்தத்திலும் நான் அடித்தேன். போகவில்லை. இறங்கும்போது சாவுச் செய்திதான் காத்திருக்கும் என்று உறுதியாக நம்பினேன். காப்பீட்டு கவுண்டரில் ரேஷன் கார்டு எண்ணைப் போட்டதும் அவர்கள் விவரம் வந்தது, அட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். அங்கிருந்து திருநெல்வேலி. ஆஸ்பத்திரிப் படியில் அவன் தம்பி நின்றுகொண்டிருந்தான். "சார்ஜு போயிட்டு. அண்ணன் முழிச்சிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான். நான் அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

காப்பீட்டு அனுமதி வந்தது. ஆபரேஷன் நடந்தது. வேலுச்சாமி பிழைத்தான். ஆண்டவருக்கு நான் நன்றி சொல்லாத காலை இல்லை.

இனி, நான் ஈடு செய்யப் பார்த்ததைச் சொல்கிறேன். சண்முகத்தாயை அதட்டியது வளவு முழுவதும். ஆகவே வளவு முழுவதிலும் சொல்ல வேண்டும். காலையில் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குப் போய் நின்று, எல்லார் முன்னாலும் சொன்னேன். குடங்கள் நிரம்பி வழிந்தன. "சார்வாளா இப்படி?" என்றாள் ஒருத்தி. "நாம வேற அவளப் போட்டு அந்தப் பேச்சு பேசிட்டோமே" என்றாள் இன்னொருத்தி. பின்னால் ஒரு குரல், "பரீச்சையில பாத்து எழுதுனா இவரு எந்த அடி அடிப்பாரு" என்றது. சிலர் சிரித்தார்கள். நானும் குனிந்து கேட்டுக்கொண்டேன். எங்கள் ஐயரிடம் போய்ச் சொல்லி மூப்பர் பொறுப்பை விட்டேன். அவர் தடுக்கவில்லை. அதற்காக அவருக்கு நன்றி.

வளவில் ஒவ்வொருவரையும் அழைத்துப் போய் அவரவர் நம்பரையே ஆதாரிலும் ரேஷன் கார்டிலும் பதிய வைத்தேன். இப்போது என் நம்பர் யாருடைய கார்டிலும் இல்லை. மெசேஜ் வாசிக்கத் தெரியாதவர்களுக்கு எங்கே பார்ப்பது, எந்த எண் ஓடிபி என்று ஞானசுந்தரி சொல்லிக் கொடுக்கிறாள். நான் கற்றுக் கொடுத்திருக்க வேண்டியது. வாசித்துக் காட்டும் பெருமைக்காக விட்டுவிட்டேன்.

போனில் ஓடிபி வாசித்த அந்த அம்மாவின் பெயர் மைதீன் பாத்து. கடையநல்லூர். கணவர் வளைகுடாவில் இருக்கிறார். ஞானசுந்தரியும் சண்முகத்தாயும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். நான் வாசல் வரை போய் நன்றி சொன்னேன். "வாத்தியாரே, நீங்க பெரிய ஆளுன்னு சொன்னப்ப நம்பல. பொய்யன்னு சொன்னதுனாலதான் நம்புனேன். கள்ளன் எவனும் அப்படித் தொடங்க மாட்டான்" என்றாள். இன்னொன்றும் சொன்னாள். யாரோ தன் போனுக்குள் புகுந்து எதையோ செய்கிறார்கள் என்று அந்த மெசேஜ்களைப் பார்த்து முதலில் பல நாள் பயந்து கிடந்தாளாம். என் அசட்டை எனக்குத் தெரியாத ஒரு வீட்டிலும் போய் பயத்தைக் கொடுத்திருக்கிறது.

வேலுச்சாமி ஊருக்கு வந்ததும் நானே அவன் வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தான். மன்னித்துக்கொள் என்றேன். அவன் சிரித்தான்.

"ஏழாப்புல என் காம்பஸ் பெட்டி தொலஞ்சிட்டுன்னு சொன்னேன் சார்வாள். நீங்க நம்பல. வெயில்ல முட்டி போட வச்சிய. நெசமாவே தொலஞ்சுதான் போச்சு."

எனக்கு அது நினைவில்லை. அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

சண்முகத்தாய் அடுப்பங்கரை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளிடமும் கேட்டேன்.

"அவுக பொழச்சு வந்துட்டாவ. அதுக்கு நீங்க அலைஞ்சிய. அத நான் மறக்க மாட்டேன்" என்றாள். "ஆனா சார்வாள், அத்தன நாளும் எனக்குப் புத்தி பெரண்டு போச்சுன்னு நானே நம்பிட்டேன். அடுப்ப அணச்சமா, கதவச் சாத்துனமான்னு இப்பவும் எந்திரிச்சு எந்திரிச்சுப் பாக்கேன். அத எப்படித் திருப்பித் தருவிய?"

எழுந்து வீட்டுக்கு வந்தேன்.

ஆகவே உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். பயத்தில் இருக்கிறீர்களா, ஜெபியுங்கள். ஆனால் உங்கள் பொய்யைக் காப்பாற்றித் தரும்படி கேட்காதீர்கள். யாருக்குத் துரோகம் செய்தீர்களோ அவரிடம் போய் நில்லுங்கள், போகும் வழியில் ஜெபியுங்கள். ஆண்டவர் எனக்குச் செவிகொடுத்தார், உங்களுக்கும் கொடுப்பார். சண்முகத்தாயின் மனம் நிலைகொள்ள வேண்டும் என்பதுதான் இப்போது என் ஜெபம். அது இன்னும் முழுவதும் கேட்கப்படவில்லை. கேட்கப்படும் என்று நம்புகிறேன். நீங்களும் அவளுக்காக ஜெபியுங்கள்.

வீட்டு விஷயமாக ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அவள் வருகிறாள். முன்போல் உள்ளே வந்து உட்காருவதில்லை, படியிலேயே நின்றுவிடுகிறாள். முன்பெல்லாம் நான் நாற்காலியில் இருந்தபடியே பதில் சொல்வேன். இப்போது எழுந்து படிக்கு வந்து, அவள் பேசி முடிக்கும்வரை நானும் நிற்கிறேன்.